எங்கள் வீட்டில் சாமி என்று கும்பிட்ட வியாதி

ஆஸ்பத்திரியில் எனக்கு முதலில் அருவருப்பு தட்டியது என் எச்சிலைப் பார்த்துத்தான். வாயோரமாக ஒழுகிக் கழுத்து மடிப்புக்குள் இறங்கியது. துடைக்கலாம் என்று கையைத் தூக்கினால், கை தன் பாட்டுக்குப் போய் மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாயைப் பிடுங்கிப் போட்டது. நர்ஸ் பிள்ளை ஓடி வந்து, "தாத்தா, சேட்டை பண்ணாம இருங்க" என்றது. என்னைப் பார்த்து சேட்டை என்று சொன்ன முதல் ஆள் அதுதான். வேறு யாராவது சொல்லியிருந்தால் பல் இருந்திருக்காது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் சோலை. திருமங்கலம் ரோட்டில் போகிறவர்களுக்கு என் ஹாலோ பிளாக் கம்பெனி போர்டு கண்ணில் படாமல் இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பழங்காநத்தத்தில் ஒரு சிமெண்ட் கடையில் மூட்டை தூக்கினேன். அப்புறம் ஒரு கை அச்சை வாடகைக்கு எடுத்து, நானே கலவை போட்டு, நானே கல் அறுத்து, நானே சைக்கிள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விற்றேன். இன்றைக்குத் திருநகரில் ஏதாவது ஒரு காம்பவுண்டு சுவரைத் தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் என் கல்லாகத்தான் இருக்கும். இன்ஜினியருக்குப் படித்தவர்கள் என்னிடம் கைகட்டி நின்று சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். இதை இங்கே எழுதாவிட்டால் ஆஸ்பத்திரியில் என் அங்கியின் முதுகுக் கயிற்றை யாரோ ஒரு பையன் முடிச்சுப் போட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குப் புரியாது.

நான் சொல்லச் சொல்ல என் மருமகள் கவிதா எழுதுகிறாள். பேச்சு குழறுவதால் சில இடங்களில் இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் பி.எட். படித்தவள். அழகுபடுத்தினால் திட்டு விழும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். குலசாமி கருப்பு. கோயிலில் சாமியாடி உரிமை எங்கள் வீட்டுக்கு. உறுமி அடித்ததும் மற்ற ஊர்களில் யாருக்காவது அருள் வரும், கொஞ்ச நேரம் ஆடுவார்கள், தண்ணீர் தெளித்தால் இறங்கிவிடும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. ஒரு வயதுக்கு மேல் சாமி வந்தால் போவதே இல்லை. உறுமி இல்லாமலும் கை ஆடும், தோள் குலுங்கும், முகம் கோணும், நடை தாளம் போட்டது மாதிரி போகும். என் தாத்தாவுக்குத் தள்ளாத வயதில் அப்படி வந்தது. அப்பாவுக்கு அதைவிடச் சீக்கிரம். எனக்கு இன்னும் சீக்கிரம். "தலைமுறைக்குத் தலைமுறை கருப்பு வெள்ளனமே இறங்குறாரு, நம்ம பக்தி கூடிக்கிட்டே போகுது" என்று பங்காளிகள் சொல்வார்கள். சொல்லி, கோயிலில் எனக்கு முதல் மரியாதையாகத் தலையில் பட்டுத்துணியால் பரிவட்டம் கட்டுவார்கள். நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு கட்டிக்கொண்டேன். கோயிலுக்கு ஆர்ச் வைத்தது நான். அருவாளுக்கு வெள்ளிக் கைப்பிடி போட்டது நான். என் உடம்பில் சாமி தங்குகிறார் என்றால் எனக்குத் தகுதி இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

கம்பெனியில் டீ கிளாஸ் கையிலிருந்து பறந்தது. புதிதாக வந்த லோடுமேன்கள் முதலாளி காலையிலேயே போட்டுவிட்டார் என்று சிரித்தார்கள். நான் வாழ்நாளில் சாராயத்தைத் தொட்டதில்லை. கோபம் முன்னைவிடக் கூடியது. கணக்கு மறந்தது. ஊர் டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி போட்டார். ஒருவன் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு வந்து தேங்காய் எண்ணெயைக் குடிக்கச் சொன்னான். குடித்தேன். குமட்டியது. அதோடு சரி.

ஐப்பசி மழையில் ஒரு நாள், மத்தியானம் சோறு தின்னும்போது புரையேறியது. ஏறியது இறங்கவில்லை. அன்று சாயங்காலமே காய்ச்சல். மறுநாள் மூச்சு வாங்கியது. என் மகன் பிரபு காரில் தூக்கிப்போட்டு மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். சோற்றுப் பருக்கை வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் போய்ச் சீழ் பிடித்திருக்கிறது என்றார்கள். நெஞ்சுக்குள்ளே சோறு அழுகிக் கிடக்கிறது என்று கேட்டபோது எனக்கு உயிர்பயம் வரவில்லை. என் மேலேயே ஒரு குமட்டல்தான் வந்தது.

ஐசியூவைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. பினாயில் வாடை, அதற்கு அடியில் மூத்திர வாடை, அதற்கும் அடியில் யாரோ கொண்டுவந்த மல்லிகைப்பூ வாடை. பக்கத்துப் படுக்கைக்காரர் விடிய விடிய யாரையோ கடன்காரா என்று திட்டிக்கொண்டிருந்தார். குழாய் வழியாகக் கஞ்சி. டயப்பர். போதும்.

வார்டுக்கு மாற்றிய பிறகு நரம்பு டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண். கண்ணாடி, ரப்பர் செருப்பு. ஒரு நிமிடம் என் கைகாலைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாக்கை வெளியே நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொன்னார். முடியவில்லை, பல்லி மாதிரி உள்ளே போய்விட்டது. தன் இரண்டு விரலைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். பிடி இறுகியது, விட்டது, இறுகியது. பால் கறப்பது மாதிரி.

"ஐயா, உங்க வீட்டுல வேற யாருக்காவது இப்படி ஆட்டம் இருந்துச்சா?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன். "டாக்டரம்மா, இது வியாதி இல்ல. எங்க பரம்பரைக்கே சாமி இறங்கும். எங்க தாத்தா ஆடுனாரு. அவரு தம்பி ஆடலை. எங்கப்பா ஆடுனாரு, எங்க அத்தை ஒருத்தி ஆடுனா, அவளுக்குப் பொம்பளைன்னு பரிவட்டம் கட்டலை. இப்ப நான். நீங்க சளிக்கு மட்டும் பாருங்க."

அவர் எழுதிக்கொண்டே வந்தார். "எல்லாருக்கும் கடைசி எப்படி ஆச்சு?"

"சாமி உள்ள உக்காந்துக்கிட்டா சோறு எறங்காது. எலும்பும் தோலுமாத்தான் போனாக."

"உங்க அப்பாவுக்கு எந்த வயசுல ஆரம்பிச்சது? தாத்தாவுக்கு?"

அதையும் பெருமையாகச் சொன்னேன். தலைமுறைக்குத் தலைமுறை வெள்ளனமே வருகிறது, பக்தி கூடுகிறது என்பதையும் சேர்த்தே சொன்னேன். டாக்டரின் பேனா நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கால்மாட்டில் நின்ற பிரபுவைப் பார்த்தார்.

"உங்களுக்கு வயசு என்ன தம்பி?"

"முப்பத்தி நாலு, மேடம்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இருந்த பெருமையையெல்லாம் நான் என் வாயாலேயே வியாதியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.

எம்ஆர்ஐ எடுத்தார்கள். குகை மாதிரி ஒரு குழாய்க்குள் தள்ளி, அசையாதீர்கள் என்றார்கள். அசையாமல் இருக்க முடிந்தால் நான் எதற்கு அங்கே போகிறேன்? மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தார்கள். ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். அனுப்புவதற்கு முன் என்னையும் என் பெண்சாதி பஞ்சவர்ணத்தையும் பிரபுவையும் உட்கார வைத்து டாக்டர் பேசினார். சந்தேகப்படுகிற வியாதியின் பெயர் ஹன்டிங்டன். அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன்.

உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சரக்குச் செய்கிற வழிமுறை எழுத்தாக இருக்கிறதாம். ஒரு சரக்குக்கு ஒரு வழிமுறை. அதுதான் ஜீன். அந்தச் சரக்குக்குப் பெயர் புரதம். ஒரு குறிப்பிட்ட ஜீனில் சி, ஏ, ஜி என்ற மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வரும். எல்லா மனிதருக்கும் வரும், தப்பில்லை. ஓர் அளவைத் தாண்டி வந்தால், செய்கிற புரதத்துக்கு ஒரு பக்கம் வால் நீண்டுவிடும். வால் நீண்டது மடிய வேண்டிய மாதிரி மடியாது. உடைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, மூளைச் செல்லுக்குள் கட்டி தட்டிப்போகும். மூளைக்கு நடுவே, தேவையில்லாத அசைவை அடக்கி வைக்கிற ஒரு பகுதி இருக்கிறது. அந்த இடத்துச் செல்கள்தான் முதலில் சாகும். அடக்க ஆளில்லாமல் கை கால் ஆடும். பிறகு விழுங்குவது, பேசுவது, யோசிப்பது எல்லாம் போகும்.

"அச்சு கோணிருச்சுன்னு சொல்றீக," என்றேன். "கோண அச்சைத் தூக்கிப் போட்டுட்டு வேற அச்சு வச்சா முடிஞ்சுச்சு. நான் எம்புட்டு அச்சு மாத்திருக்கேன்."

"உங்க கம்பெனியில அச்சு பத்து இருக்குமா ஐயா? இது உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லுலயும் இருக்கு. எதைன்னு மாத்துவீங்க?"

அவர் மேலே சொன்னார். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் கணக்கில்லை, சொந்தத்தில் கட்டினாலும் அசலில் கட்டினாலும் கணக்கில்லை. வராத பிள்ளை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகாது. அப்பா வழியாகப் போகும்போது அந்த எழுத்து சில சமயம் இன்னும் கூடிவிடும். கூடினால் வியாதி சின்ன வயதிலேயே ஆரம்பிக்கும்.

வெள்ளனமே இறங்குகிறார் என்று நாங்கள் பொங்கல் வைத்தது இதற்குத்தான்.

மருந்து உண்டா என்றால், ஆட்டத்தைக் குறைக்க மாத்திரை உண்டு. டெட்ராபெனசின் என்று பெயர். அது மனசைச் சோர்வாக்கும், செத்துவிடலாம் என்று தோன்றினால் உடனே சொல்ல வேண்டும் என்றார். வியாதியைக் குணமாக்க இன்றைக்கு ஒன்றுமில்லை. ஆராய்ச்சி நடக்கிறது. ஜீனிலிருந்து சரக்குச் செய்கிற இடத்துக்கு சேதி சொல்கிற மாதிரி ஒரு தாக்கல் போகிறதாம், ஆர்என்ஏ என்று பெயர். அந்தத் தாக்கலை வழியிலேயே மறித்து அழிக்கிற மருந்தை முதுகுத்தண்டில் ஊசியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று சரிவராமல் பாதியில் நிறுத்தினார்களாம். தீங்கு செய்யாத வைரஸுக்குள் மருந்தை வைத்து, மண்டையைத் துளைத்து மூளைக்குள் விடுகிற முறை ஒன்றையும் வெளிநாட்டில் முயற்சி செய்கிறார்கள். "நம்பிக்கை இருக்கு. ஆனா இப்ப கையில இல்லை. பொய் சொல்ல மாட்டேன்" என்றார். அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு அருவருப்பு வராத ஒரே பேச்சு அதுதான்.

மறுநாள் பங்காளிகள் வந்தார்கள். என் சித்தப்பா மகன் ஒச்சு தலைமையில். ஆப்பிள், ஹார்லிக்ஸ், கூடவே ஒரு பொட்டலம் விபூதி. வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். ஆஸ்பத்திரிக்கு மரியாதை என்று நினைத்தேன். இல்லை. எனக்காம்.

அப்போது பஞ்சவர்ணம் எனக்கு அரைத்த இட்லியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதி நெஞ்சில் வழிந்து கிடந்தது. தோள் துள்ளியது. கை மேலே போய்ச் சுழன்று இறங்கியது. ஒச்சு அதைப் பார்த்ததும் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டான். பக்கத்துப் படுக்கைக்காரரின் மூத்திரப் பாட்டில் அவன் தலையிலிருந்து ஒரு ஜாண் தூரத்தில் இருந்தது.

"ஏய் ஒச்சு, எந்திரிடா. கேவலமா இருக்கு."

"சாமி, கோவிச்சுக்கிறாதீக. சின்னவளுக்கு வரன் தட்டிக்கிட்டே போகுது. எந்தத் திசையில இருந்து வரும்னு ஒரு வாக்கு சொல்லுங்க."

"நான் சோலைடா. எனக்கு இட்லி எறங்கலை. உன் மகளுக்கு நான் எங்கிட்டிருந்து மாப்பிள்ளை கொண்டாரது?"

அந்த நேரம் பார்த்து என் கை வெட்டி இழுத்து ஜன்னல் பக்கம் நீண்டது. ஒச்சு கண்ணில் ஒற்றிக்கொண்டான். "கெழக்கு! மானாமதுரைப் பக்கம் ஒரு எடம் வந்துருக்கு, அதேதான்!" கூட வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எதிர்ப் படுக்கைக்காரரின் மனைவி, ஒரு முஸ்லிம் அம்மா, மெதுவாக எழுந்து வந்து பஞ்சவர்ணத்திடம், "பாவம், ஒரு துணி இருந்தா மனுசன் நெஞ்சைத் தொடைச்சு விடும்மா" என்றார். அவ்வளவு பேரில் அந்த அம்மாவுக்குத்தான் நெஞ்சிலிருந்த இட்லி கண்ணில் பட்டது.

அவர்கள் போன பிறகு பஞ்சவர்ணம் தரையைத் துடைத்தாள், ஒச்சுவின் நெற்றி விபூதி அங்கே உதிர்ந்திருந்தது. "உங்கப்பா சாகுறதுக்கு முன்னாடியும் இவுக இப்படித்தான் வரிசையா நின்னாக," என்றாள். "தாகத்துக்குத் தண்ணி கேட்டாரு. தீர்த்தம் கொடுக்கச் சொல்றாருன்னு பூசாரியைத் தேடி ஓடுனாக. நான் புதுசாக் கல்யாணமாகி வந்தவ, வாயைத் தொறக்க முடியலை." அவ்வளவு வருடமும் அவள் அதை என்னிடம் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம்தான் அதைப் பார்த்தேன். பிரபு என் படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். இடது கை விரல்கள் கம்பியின் மேல் ஆர்மோனியம் வாசிப்பது மாதிரி எழுந்து எழுந்து இறங்கின. தாளத்துக்கு இல்லை. பேச்சுக்கும் இல்லை.

"கைய அடக்குடா," என்றேன்.

"எந்தக் கைப்பா?"

அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் முதல் இரண்டு வருடம் தெரியவில்லை. அப்புறம் தெரிந்ததும், யாரும் பார்க்காமல் இருக்க அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்காருவேன். சாமி என்று வாயால் சொல்லிக்கொண்டே கையை எதற்கு ஒளித்தேன்?

விழுங்கச் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சிக்காரப் பெண் வந்தாள். அறுபதைத் தாண்டியவனுக்கு விழுங்கப் பாடம். தாடையை நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டு விழுங்க வேண்டும், தண்ணீரைத் தண்ணீராகக் குடிக்கக்கூடாது, மாவு கலந்து கெட்டியாக்கிக் கரண்டியால் சாப்பிட வேண்டும். தண்ணீரைக் கரண்டியில் சாப்பிடுவது போல் அசிங்கம் உண்டா? கோழை மாதிரி இருக்கும். முதல் கரண்டியை அவள் மேலேயே துப்பினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லை அப்பா, அடுத்தது" என்றாள். அடுத்ததை விழுங்கினேன். புரையேறவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது இன்சூரன்ஸ்காரன் பரம்பரை வியாதி என்று ஒரு கொக்கி போட்டான். நுரையீரல் சளிக்கும் பரம்பரைக்கும் என்னடா சம்பந்தம் என்று கவிதா சண்டை போட்டு வாங்கினாள். இந்த வரியை எழுத வேண்டாம் என்று வெட்கப்படுகிறாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

லேபிலிருந்து முடிவு வந்தது. வியாதி அதேதான். டாக்டர் பிரபுவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவனுக்கு இருக்கிறதா என்று பார்க்க விருப்பமிருந்தால் பார்க்கலாம், அதற்கு முன் சில தடவை வந்து பேச வேண்டும். விருப்பமில்லாவிட்டால் தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. வீட்டுக்கு வந்து அவன் இதைச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தெரியாம இருக்க ஒரு உரிமையா? போய் ரத்தத்தைக் குடுடா."

"எதுக்குப்பா? மருந்து இல்லைன்னு அவங்களே சொல்றாங்க. இருக்குன்னு தெரிஞ்சா நான் என்ன பண்றது, தெனமும் கண்ணாடியில கையைப் பாத்துக்கிட்டு உக்காரவா?"

"உனக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை இருக்கு. ரெண்டாவது வேணும்னு இருக்கீக."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அப்புறம் மெதுவாக, "இம்புட்டு நாளும் சாமின்னுதானே இருந்துச்சு. நமக்கும் சாமின்னே இருந்துட்டா என்னப்பா? ஊரே கும்பிடும். ஆஸ்பத்திரியில யாரு கும்பிடுறா?" என்றான்.

டிப்ளமா படித்தவன். என் கம்பெனியைக் கம்ப்யூட்டரில் நடத்துகிறவன். அவன் வாயிலிருந்து அது வந்ததும் எனக்கு அருவருப்பு தட்டியது. அவன் மேல் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் பேசியது பூராவும் என் பேச்சு.

மாசி மாதம் பெட்டி எடுப்பு வந்தது. சாமியின் உடுப்பும் அருவாளும் இருக்கிற பெட்டியைப் பங்காளிகள் தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோகும் திருவிழா. இருக்கிற சாமியாடியால் நிற்க முடியாவிட்டால் அடுத்த ஆளைக் கருப்பே காட்டுவார் என்பது முறை. பங்காளி வீட்டு ஆண்கள் வரிசையாக நிற்க வேண்டும். உறுமி அடிப்பார்கள். யார் உடம்பு முதலில் ஆடுகிறதோ அவனுக்குப் பரிவட்டம். கட்டிவிட்டால் முடிந்தது. சாமி உடம்பில் ஊசி குத்தக்கூடாது, ரத்தம் எடுக்கக்கூடாது. என் அப்பாவை ஒரு கம்பவுண்டர்கூடத் தொட்டதில்லை; ஆர்ச் வைத்தவன் என்பதால் என் ஊசிகளை மட்டும் கண்டும் காணாமல் விட்டார்கள்.

நான் வரக்கூடாது என்று பஞ்சவர்ணம் சொன்னாள். பிரபு போகாமல் இருக்கட்டும், நானும் போகவில்லை என்றேன். பிரபு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து காரில் ஏறினான். நானும் ஏறினேன்.

நல்ல மத்தியான வெயில். பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்து, என் கழுத்தில் செவ்வந்தி மாலை போட்டார்கள். மாலைக்குள்ளிருந்து எறும்பு கடித்தது. கிடா வெட்டிய இடத்தில் ஈ மொய்த்தது. நான் கட்டிய ஆர்ச்சுக்குக் கீழே ஆண்கள் வரிசையாக நின்றார்கள். பிரபு மூன்றாவது ஆள். கவிதா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

உறுமி ஆரம்பித்தது. எல்லாரும் வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்கள். நான் ஒரு கையைத்தான் பார்த்தேன். முதலில் சுண்டு விரல். அப்புறம் நாலு விரலும். அப்புறம் மணிக்கட்டு ஒரு சுற்று சுற்றியது. பிரபு கண்ணை மூடிக்கொண்டு நின்றான். நெற்றியில் வேர்வை. அவன் அடக்கப் பார்க்கிறானா, விட்டுக்கொடுக்கிறானா, எனக்கு இன்றுவரை தெரியாது.

"வந்துட்டாரு! பிரபு மேல வந்துட்டாரு!" ஒச்சு தட்டிலிருந்த பட்டுத்துணியை எடுத்துக்கொண்டு ஓடினான். பெண்கள் குலவை போட்டார்கள்.

நாற்காலியிலிருந்து எழுந்தேன். எழுந்தது நானா என் கால்களா தெரியவில்லை. கோயில் முன்னாலிருந்த கட்டைச்சுவரைத் தாண்டினேன், ஒருவன் மேல் விழுந்தேன், மறுபடி எழுந்தேன். ஒச்சுவின் கையிலிருந்த துணியைப் பிடுங்கினேன்.

"கட்டாதடா. இது சாமி இல்ல. எனக்கு இருக்கிற வியாதி. டாக்டரம்மா சொல்லிட்டாக."

குழறல் பேச்சு. யாருக்கும் விளங்கவில்லை. ஒச்சு பிரபுவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டான். "கருப்பு கோவமா இருக்காரு. என்ன குத்தம்னு சொல்லுங்க சாமி!"

மனிதனாக நான் எவ்வளவு கத்தினாலும் இவர்கள் காதில் ஏறாது என்பது அந்த இடத்தில் எனக்கு உறைத்தது. ஆர்ச் கட்டிக் கொடுத்தவன், கம்பெனி வைத்தவன், ஊரில் பாதிப் பேருக்கு வேலை கொடுத்தவன் பேசினால் ஏறாது. ஆடுகிற இந்தக் கை பேசினால்தான் ஏறும். தாடையை நெஞ்சோடு அணைத்தேன், அந்தப் பெண் சொல்லிக்கொடுத்த மாதிரி. எச்சிலை விழுங்கினேன். அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்துப் பிரித்துச் சொன்னேன்.

"கருப்பு பேசுறேன். இந்த வம்சத்துல எவன் தலையிலயும் இனிமே துணி கட்டக்கூடாது. எவன் கை ஆடுனாலும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். ரத்தம் குடுக்கணும். தண்ணி கேட்டா தண்ணி குடுக்கணும்."

உறுமி நின்றது. ஊரே தரையில் விழுந்தது. ஒச்சு அழுதுகொண்டே, "உத்தரவு சாமி, உத்தரவு" என்றான். நான் சொன்னது பொய்யா, கருப்புதான் உள்ளிருந்து சொன்னாரா என்று கவிதா இதை எழுதும்போது கேட்கிறாள். கருப்பு இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. என் மூளைக்குள் கட்டி தட்டிக் கிடப்பது அவர் இல்லை, அவ்வளவுதான். என் வாயை அன்று அவர் கடன் வாங்கியிருந்தால் நல்ல காரியத்துக்குத்தான் வாங்கினார்.

ஒச்சு கும்பிட்டு எழுந்ததும் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "சாமி, மானாமதுரை எடம் ஜாதகம் பொருந்தலை, வேற திசை…" என்று ஆரம்பித்தான். கையிலிருந்த பட்டுத்துணியால் என் வாயைத் துடைத்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டுக் காருக்கு நடந்தேன்.

டிரைவர் வண்டியை எடுத்தான். முன்சீட்டில் பஞ்சவர்ணம். பின்னால் நானும் பிரபுவும், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு கவிதாவும். வண்டி வைகைப் பாலத்தைத் தாண்டியது.

"எப்ப இருந்துப்பா ஆடுது?" என்றான் பிரபு.

"நான் பாத்தது ஆஸ்பத்திரியில. அதுக்கு முன்னாடி தெரியலை."

"கவிதாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அவளும் சொல்லலை."

கவிதா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போனை எடுத்து டாக்டருக்கு நேரம் கேட்டான். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். போனை வைத்துவிட்டு, இடது கையை மெதுவாக இழுத்துத் தன் தொடைக்கு அடியில் சொருகி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். நான் எப்படி உட்காருவேனோ அப்படியே. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே.

என் கை ஆடிக்கொண்டே போய் அவன் தொடையில் அடித்தது. அடித்த இடத்திலேயே பிடித்து, அவன் கையை வெளியே இழுத்துப் போட்டேன்.

"எடுடா வெளியே. ஆடுனா ஆடட்டும்."